கண்ணாடியில் இட்ட கோலம்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் தென்பாகத்தே அமைந்தது சிம்பாங் அம்பாட் என்னும் ஊர். மலாய் மொழியில் சிம்பாங் என்பது சந்தி. அம்பாட் என்பது நான்கு. எனவே நம் மொழியில் அது நாற்சந்தி ஆகின்றது. சிலப்பதிகாரத்துப் பூதம் காவல் புரிந்த புகார் நகரச் சதுக்கமும் இத்தகைய நாற்சந்தியே என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டிலே கரும்பும், அதன்பின் இரப்பரும், பின்னர்ச் செம்பனையும் விளைந்த இவ்வட்டாரத்து மண்ணில் நம் முன்னோர் சிந்திய வியர்வையின் வரலாறு தனியே எழுதத்தக்கது. ஈண்டு நாம் எழுதப் புகுவது வேறொரு நாற்சந்தியின் வரலாறு.

அந்த நாற்சந்தி மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமே உடையது. நம் இல்லத்துத் தொலைக்காட்சித் திரையிலும், மாணாக்கர் கையில் ஏந்தும் தொலைபேசியின் திரையிலும் அத்தகைய நாற்சந்திகள் இலட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்தகடு பதிந்திருக்கின்றது. அதனைப் 'படப்புள்ளி மின்முனை' என வழங்குவோம். மின்முனை, மின்வாய் என இரு சொற்கள் பாடநூல்களில் வழங்குகின்றன. வாய் என்பது மின்சாரம் புகும் வழியை உணர்த்தும். ஆயின் இத்தகட்டிற்கு வடிவமே உயிர் ஆதலின் முனை என்பதே எமக்குப் பொருத்தமாகப் படுகின்றது.

இத்திரைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூன்று பொருள்களைப் போற்றுவர்: நீர்மப் படிகம், டிரான்சிஸ்டர், ஒளிவிளக்கு. மின்முனையை எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆயினும், ஒரே நீர்மப் படிகத்தைக் கொண்டு எட்டு இலக்கம் காட்டும் கணிப்பானையும் செய்யலாம், திரைப்படம் காட்டும் பெருந்திரையையும் செய்யலாம் எனின், அவ்விரண்டையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் மின்முனையின் வரைவே அன்றோ?

முதலில் நீர்மப் படிகம் யாதெனக் காண்போம். மலாய் மொழிப் பாடநூல்களில் 'ஹாப்லூர் செச்சாயிர்' என வழங்குவது இதுவே. 1888ஆம் ஆண்டில் பிராகா நகரில் தாவரவியல் அறிஞர் பிரெடரிக் ரைனிட்சர், கொலஸ்டிரைல் பென்சோயேட் என்னும் பொருளை உருக்கினார். அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று. மேலும் சூடாக்கியபோது 178.5 பாகையில் திடுமெனத் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என வியந்த அவர், செருமானிய இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு மடல் எழுதினார். லேமன் அந்தக் கலங்கிய நிலையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அது நீர்போல் ஓடும், ஆயினும் படிகம்போல் ஒளியை முறிக்கும் என்று கண்டார். தடி போன்ற மூலக்கூறுகள், ஆற்றில் மிதந்து செல்லும் மரங்களைப் போல, ஓடிக்கொண்டே ஒரே திசையில் தலை வைத்திருக்கும் நிலை அது. சர் சி. வி. இராமன் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்ததும் அதே 1888ஆம் ஆண்டில்தான். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே எனினும், அவருடைய குடும்பத்தைப் பற்றிப் பின்னர்க் கூற நேரும் ஆதலின் ஈண்டுக் குறித்து வைக்கின்றோம்.

எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது ஆய்வுக்கூடத்து விந்தையாகவே இருந்தது. 1962இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவன ஆய்வாளர் ரிச்சர்டு வில்லியம்சு, இரண்டு கடத்தும் கண்ணாடிகளிடையே நீர்மப் படிகத்தை வைத்து மின்னழுத்தம் ஊட்டினார். கோடு கோடாக வடிவங்கள் தோன்றின. அதே கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெயில்மெயர் அவ்வழியே தொடர்ந்து, 1968இல் உலகறியத் தம் காட்சித்திரையை வெளியிட்டார். ஆயின் அந்நிறுவனம் அதனை முனைந்து வளர்க்கவில்லை. அங்கே பணியாற்றிய உல்ஃப்காங் ஹெல்ஃபிரிக் சுவிட்சர்லாந்து சென்று, மார்ட்டின் சாட் என்பாருடன் சேர்ந்து 1970 திசம்பரில் 'முறுக்கிய' அமைப்புக்குக் காப்புரிமை கோரினார். மேல் கண்ணாடியில் மூலக்கூறுகள் கிழக்கு மேற்காகவும், கீழ்க் கண்ணாடியில் வடக்கு தெற்காகவும் படுத்திருக்கும். இடையில் உள்ளவை சுழற்படிபோல் 90 பாகை முறுகி நிற்கும். ஒளியும் அப்படியே முறுகி வெளியேறும். மின்னழுத்தம் ஊட்டினால் மூலக்கூறுகள் எழுந்து நிற்கும், முறுக்கு அழியும், தளவிளைவுத் தகடு ஒளியைத் தடுத்துவிடும், அவ்விடம் கருமையாகும். அறை வெப்பத்திலேயே நிலைத்து நிற்கும் நல்ல நீர்மப் படிகங்களை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே 1973இல் வழங்கினார். அதே ஆண்டில் சப்பானில் ஷார்ப் நிறுவனத்தின் கணிப்பானும், செய்கோ நிறுவனத்தின் ஆறிலக்கக் கைக்கடிகாரமும் சந்தைக்கு வந்தன.

இவ்விடத்தில் நம் பினாங்கு நினைவுக்கு வருகின்றது. அதே காலத்தில், 1972இல், முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூ அவர்களின் ஆட்சியில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிக வட்டாரம் தோன்றியது. முதலில் வந்து சேர்ந்த எட்டு அயல்நாட்டு நிறுவனங்களுள் லிட்ரோனிக்ஸ் ஒன்று. அது செந்நிற ஒளி உமிழும் டையோடுகளைச் செய்தது. அக்காலத்துக் கணிப்பானில் செந்நிறமாக ஒளிர்ந்த இலக்கங்கள் இத்தகைய டையோடுகளே. தோட்டப்புறத்து வீடுகளிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் வந்த இளம் பெண்கள் நுண்ணோக்கியில் கண் பதித்துத் தலைமயிரினும் மெல்லிய கம்பிகளைப் பொருத்திய காலம் அது. டையோடு தானே ஒளிர்வதால் மின்கலத்தை விரைவில் குடித்துவிடும். அத்தகைய கைக்கடிகாரத்தில் மணி பார்க்க வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நீர்மப் படிகமோ ஒளிர்வதில்லை. வரும் ஒளிக்குக் கதவாக மட்டும் நிற்கின்றது. ஆகவே 1970களின் இறுதிக்குள் மணிக்கட்டிலிருந்து செந்நிற இலக்கங்கள் பெரும்பாலும் மறைந்து போயின. நீர்மப் படிகத்திடம் அன்று தோற்ற டையோடே, வெண்ணிறம் பெற்று, பல ஆண்டுகள் கழித்து நீர்மப் படிகத் திரையின் பின்னால் விளக்காக வந்து அமர்ந்தது. தோற்றவன் வென்றவனுக்கே விளக்குப் பிடித்தான்! பினாங்கில் டையோடுத் தொழில் அழியாமல் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இனி மின்முனைக்கு வருவோம். கண்ணாடியின் மேல் இன்டியம், வெள்ளீயம் ஆகியவற்றின் ஆக்சைடை மெல்லிய படலமாகப் பூசுவர். அது மின்சாரத்தைக் கடத்தும், ஒளியையும் விடும். அப்படலத்தில் வேண்டாத பகுதியை அமிலத்தால் அரித்து நீக்கினால் வேண்டும் வடிவம் எஞ்சும். கணிப்பானின் இலக்கத்திற்கு ஏழு துண்டுகள் போதும். ஏழும் ஒன்றாகக் கறுத்தால் 8. நடுத்துண்டு நீங்கினால் 0. எட்டு இலக்கத்திற்கு 56 துண்டுகள். துண்டுக்கு ஒரு கம்பி என்று இழுத்துவிடலாம்.

படம் காட்ட வேண்டுமெனில் இம்முறை உதவாது. 640 நிரல்களும் 480 நிரைகளும் கொண்ட ஒரு வண்ணத்திரையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அறைகள். மொத்தம் 9,21,600 அறைகள். அத்தனை கம்பிகளுக்கு எங்கே போவது? இதற்கு விடை, கணிதப் பாடத்தில் நாம் 'அணி' எனப் பயிற்றும் அமைப்பே. (இலக்கணத்தில் அணி என்றால் அழகு, கணிதத்தில் அணி என்றால் ஒழுங்கு. இரண்டும் ஈண்டுப் பொருந்தும்.) ஒரு கண்ணாடியில் கிடைக்கோடுகளாக 480 மின்முனைகள், மற்றதில் செங்குத்துக் கோடுகளாக 1,920. கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு நாற்சந்தியும் ஓர் அறை. ஒன்பது இலட்சத்திற்கு மேற்பட்ட கம்பிகள் 2,400 ஆகச் சுருங்கிவிட்டன. நம் பெண்டிர் வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும்போது, வரிசை எண்ணி, நிரல் எண்ணிப் புள்ளியின் இடத்தை அறிவது போன்றது இது.

எளிய விடைதான், ஆயினும் இதில் ஒரு கேடு ஒளிந்திருந்தது. ஒரு நாற்சந்திக்கு மின்னழுத்தம் ஊட்டினால் அதே நிரையிலும் அதே நிரலிலும் உள்ள மற்ற நாற்சந்திகளுக்கும் சிறிது கசிகின்றது. நீர்மப் படிகமோ மெல்ல உணர்வது. தன்மேல் வந்து விழும் அழுத்தங்களையெல்லாம் கூட்டிச் சராசரியாகவே அறியும். 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்து ஆல்ட், பிளெஷ்கோ ஆகிய இருவரும் இக்கேட்டுக்கு ஒரு கணித எல்லை வகுத்தனர். நான்கு நிரைகள் இருந்தால், எரியும் அறைக்கும் அணைந்த அறைக்கும் கிடைக்கும் அழுத்தங்களின் விகிதம் 1.73. நிரைகள் 100 ஆனால் அது 1.106 ஆகக் குறைகின்றது. 240 ஆனால் ஏறத்தாழ 1.067. நூற்றுக்கு ஏழு கூட இல்லாத வேறுபாட்டில் கருப்பையும் வெள்ளையையும் எப்படிப் பிரிப்பது? அக்காலத் திரைகள் சாம்பல் பூத்துக் கிடந்ததன் காரணம் இதுவே.

இக்கட்டத்தில் பெங்களூரில் ஒரு தமிழ்க் குடும்பத்து அறிஞரைச் சந்திக்கின்றோம். இராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1930இல் கல்கத்தாவில் பிறந்தவர். விண்மீன்களை ஆராய்ந்து 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறொருவர். அவர் இராமனின் தமையன் மகன். இருவரும் எஸ். சந்திரசேகர் என்றே கையெழுத்திட்டமையால், நூல்களில் இவரை அவராக மயங்குவோர் உண்டு. மாணாக்கர் இதில் விழிப்பாக இருத்தல் நலம். நம் சந்திரசேகர் 1961இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றார்; 1971இல் பெங்களூரின் இராமன் ஆய்வு நிறுவனத்தில் நீர்மப் படிக ஆய்வுக்கூடத்தை நிறுவினார். உலகெங்கும் ஆய்வாளர் மதித்துக் கற்ற 'நீர்மப் படிகங்கள்' என்னும் ஆங்கில நூல் 1977இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அச்சகத்தின் வழி வெளிவந்தது.

அதே 1977இல் சதாசிவா, சுரேஷ் என்னும் இருவருடன் சேர்ந்து, 'பிரமாணா' என்னும் இந்திய ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அதுவரை நீர்மப் படிகம் என்றால் தடி போன்ற மூலக்கூறே என்று உலகம் எண்ணியிருந்தது. இவர்களோ பென்சீன் வளையத்தின் ஆறு மூலைகளிலும் நீண்ட வால்களைக் கட்டித் தட்டுப் போன்ற மூலக்கூறுகளைச் செய்து, அவையும் காசுகளை அடுக்கியதுபோல் தூண் தூணாக நின்று நீர்மப் படிகமாவதைக் காட்டினர். நாட்டு இதழிலேயே வெளியிட்ட அந்தத் துணிவை நாம் போற்றுகின்றோம். அக்கண்டுபிடிப்பு அன்று எந்தத் திரைக்கும் உதவவில்லை. அது எங்கே, எப்போது உதவிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

அதே இராமன் ஆய்வு நிறுவனத்தில் டி. என். ருக்மாங்கதன் என்பார், மேலே கூறிய கணித எல்லையை வேறொரு பக்கத்திலிருந்து அணுகினார். நிரைகளை ஒவ்வொன்றாக அழைக்காமல், பல நிரைகளை ஒரே நேரத்தில் கூட்டமாக அழைத்து, நிரல்களுக்கு ஊட்டும் அழுத்தத்தை அதற்கேற்பக் கணக்கிடலாம் என்று காட்டினார். 1988இல் அவர் முறையைப் பொதுமைப்படுத்தி வெளியிட்டார். பின்னர் மேலைநாட்டில் வளர்ந்த பன்னிரை அழைப்பு முறைகளுக்கு அது முன்னோடி. வகுப்பில் ஒவ்வொரு மாணவனாகப் பெயர் சொல்லி அழைப்பதற்கும், வரிசை வரிசையாக எழுந்து நிற்கச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

ஆயினும் உலகம் மற்றொரு வழியையே தேர்ந்தது. ஒவ்வொரு நாற்சந்தியிலும் ஒரு காவலனை நிறுத்திவிட்டால் கசிவு ஏது? அக்காவலனே மென்படல டிரான்சிஸ்டர். இவ்வழியை 1971இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்து பெர்னார்டு லெக்னர் முதலானோர் எடுத்துரைத்தனர். 1973இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடி என்னும் அங்கேரியர் ஆறங்குலச் சதுரத்தில் அங்குலத்திற்கு 20 கோடு வீதம் 14,400 அறைகள் கொண்ட திரையைச் செய்து காட்டினார். அந்நிறுவனம் அத்திட்டத்தை 1979இல் கைவிட்டது. ஆர்.சி.ஏ. செய்த பிழையை மற்றோர் அமெரிக்க நிறுவனமும் செய்தது! அதே 1979இல் இசுகாத்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஸ்பியர், லெகோம்பர் ஆகியோர், அகன்ற கண்ணாடியில் மலிவாகப் படியவைக்கக்கூடிய படிகமற்ற சிலிக்கனால் டிரான்சிஸ்டர் செய்தனர். 1988இல் ஷார்ப் நிறுவனம் 14 அங்குல வண்ணத் திரையை வெளியிட்டபோது, சுவரில் மாட்டும் தொலைக்காட்சி கனவன்று என உலகம் உணர்ந்தது.

படப்புள்ளி மின்முனை தனிப்பிறவி எடுத்தது இந்த அமைப்பில்தான். முன்னர்க் கோடாக ஓடியது, இப்போது ஒவ்வொரு நாற்சந்தியிலும் தனித்தனிச் சதுரமாயிற்று. அதன் பணியின் கடுமையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். நொடிக்கு 60 முறை படம் மாறுகின்றது. 480 நிரைகளும் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. எனவே ஒரு நிரைக்குக் கிடைப்பது ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 35 பங்கே. அந்தக் கண நேரத்தில் மின்னூட்டத்தை நிரப்பிக்கொண்டு, அடுத்த முறை கதவு திறக்கும்வரை, அதாவது அதைப்போல் 480 மடங்கு நேரம், சிந்தாமல் வைத்திருக்க வேண்டும். சிறு குடம் ஆதலின் ஆவியாகிக் குறையும். ஆகவே அருகில் ஒரு சேமிப்பு மின்தேக்கி தேவைப்பட்டது. அதற்கெனத் தனிக் கம்பி இழுத்தால் ஒளி வரும் வாயில் சுருங்கிவிடும். வரைவாளர் ஒரு சூழ்ச்சி செய்தனர்: படப்புள்ளி மின்முனையின் ஓரத்தைச் சற்று நீட்டி, முந்திய நிரையின் கம்பிமேல் காப்புப் படலத்தின் இடையீட்டோடு கவியச் செய்தனர். இரண்டு கடத்திகளும் நடுவே காப்பும் சேர்ந்தால் அதுவே மின்தேக்கி அன்றோ! பக்கத்து வீட்டுச் சுவரில் தாழ்வாரம் இறக்கிக்கொள்வது போன்ற சிக்கனம் அது. கதவு மூடும் கணத்தில் மின்முனையின் அழுத்தம் சற்றே கீழிறங்கி விடுவதும், அதனால் திரை துடிப்பதும், அதனைச் சரிகட்டப் பொது மின்முனையின் அழுத்தத்தை மாற்றியமைப்பதும் இன்னொரு கதை.

அதனினும் பெரிய குறை பார்வைக் கோணம். நேரே பார்த்தால் தெளிவு. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும். கீழிருந்து பார்த்தால் மனிதர் முகம் புகைப்படச் சுருளில் கண்டதுபோல் தலைகீழ் நிறம் கொள்ளும். மூலக்கூறுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுவதே காரணம். நெல் வயலை ஒரு பக்கமிருந்து நோக்கினால் கதிர் தெரியும்; மறுபக்கமிருந்து நோக்கினால் தாள் தெரியும். இக்குறையைத் தீர்க்க 1990களில் எழுந்த முயற்சிகளே படப்புள்ளி மின்முனை வரைவின் பொற்காலம் என்பது எம் கருத்து.

ஒரு சாரார் மின்முனையைச் சீப்பாக்கினர். மேல் கண்ணாடியில் இருந்த பொது மின்முனையைக் கீழே கொண்டுவந்து, இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று செல்வதுபோல் வரைந்தனர். மின்புலம் மேல்நோக்கி எழாமல் பக்கவாட்டில் பாய்ந்தது. மூலக்கூறுகள் எழுந்து நிற்காமல், படுத்த நிலையிலேயே திசை திரும்பின. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே தோற்றம். ரிச்சர்டு சோரெஃப் 1974இலேயே இத்தகைய பற்களை ஆராய்ந்திருந்தார். செருமனியின் ஃபிரைபர்க் நகரில் குந்தர் பாவர் குழுவினர் 1990 அளவில் காப்புரிமை கோரினர். சப்பானின் இட்டாச்சி நிறுவனம் 1996இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆயின் சீப்பின் பற்களுக்கு நேர் மேலே உள்ள மூலக்கூறுகள் அசைவதில்லை; அவ்விடம் ஒளிக்குப் பயனற்றுப் போயிற்று. கொரியாவின் ஹியுண்டாய் ஆய்வாளர் 1998இல் அதற்கும் வழி கண்டனர். கீழே முழுத் தகடு, மேலே மெல்லிய காப்புப் படலம், அதன்மேல் பிளவுகள் இட்ட மின்முனை என அமைத்து, பற்களின் இடைவெளியை மிகக் குறுக்கினர். ஓரங்களில் வளைந்தெழும் புலம் பற்களின் தலைமேலும் மூலக்கூறுகளைத் திருப்பிற்று. வேறொரு சாரார், சப்பானின் ஃபுஜித்சு நிறுவனத்தார், 1990களின் பிற்பகுதியில் மூலக்கூறுகளை முதலிலேயே நிமிர்ந்து நிற்கச் செய்து, மேடுகளாலும் மின்முனையில் இட்ட பிளவுகளாலும் அவற்றை நான்கு திசைகளில் சாயவைத்தனர். ஒரே அறையில் நான்கு சாய்வுகள் இருந்தால், எத்திசையிலிருந்து நோக்கினும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். உருப்பெருக்கியில் இத்திரைகளை நோக்கினால், வேல்முனைபோல் நடுவில் மடிந்த கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அழகுக்காக வரைந்தவை அல்ல அவை. ஒவ்வொரு மடிப்பும் ஒரு கணக்கு.

பழைய முறுக்கிய அமைப்பை விடாது பற்றியிருந்தவர்களுக்கும் ஒரு மருந்து கிடைத்தது. கண்ணாடியை ஒட்டியுள்ள மூலக்கூறுகள் முழுதும் எழாமல் அரைகுறையாகச் சாய்ந்திருப்பதாலேயே பக்கவாட்டில் ஒளி கசிகின்றது. தடி மூலக்கூறு ஒளிக்குச் செய்யும் மாற்றத்திற்கு நேர் எதிரானதைச் செய்வது தட்டு மூலக்கூறு. எனவே தட்டுகளைப் படிப்படியாகச் சாய்த்துப் படலமாக உறையவைத்துத் திரையின் இருபுறமும் ஒட்டினால், கசிவு பெரிதும் குறையும். 1990களின் நடுவில் சப்பானின் ஃபுஜி நிறுவனம் அத்தகைய படலத்தை வெளியிட்டது. பெங்களூரில் 1977இல் பிறந்த தட்டுகளே அவை! அதே பொருள் அன்று, அதே இனம். உலகெங்கும் மேசைக் கணினித் திரைகளில் அப்படலம் இடம்பெற்றது. அதன் பின்னணியில் ஒரு பெங்களூர்க் கட்டுரை இருப்பதை அத்திரையை நோக்கியவர் எத்தனை பேர் அறிவர்? 1991இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அளித்த கட்டடத்தில், பெங்களூரின் ஜாலஹள்ளியில், சந்திரசேகர் நீர்மப் படிக ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1994இல் அரசக் கழகத்தின் அரசப் பதக்கமும், 1998இல் இந்திய அரசின் பத்மபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 2004இல் மறைந்தார்.

சிம்பாங் அம்பாட்டுக்கு அருகே புக்கிட் மின்யாக்கிலும் பத்து காவானிலும் இன்று தொழிற்பேட்டைகள் பரந்து கிடக்கின்றன. 2014இல் இரண்டாவது பினாங்குப் பாலம் பத்து காவானில் கரையேறிய பிறகு, முன்னர்த் தோட்டமாக இருந்த நிலமெல்லாம் கூரை வேய்ந்த ஆலைகளாகி விட்டன. ஆலைப்பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் மின்முனை, நிரை, நிரல், மின்தேக்கி ஆகியவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிந்திருக்கின்றனர். தமிழில் அவற்றைக் கேட்டால் திகைக்கின்றனர். தமிழ்ப்பள்ளியில் கோலப்புள்ளியை எண்ணிக் கணிதம் பயின்ற பிள்ளைக்குப் படப்புள்ளியை விளக்க அரை மணி நேரம் போதும் என்பது எம் துணிபு. கரும்பலகையில் நான்கு கிடைக்கோடும் நான்கு நெடுக்கோடும் வரைந்து, ஒரு சந்தியில் மட்டும் விளக்கேற்றுவது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். ஆல்ட், பிளெஷ்கோ கண்ட இடர்ப்பாட்டை அவர்களே கண்டு கூறுவர்.

2012ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் டிரேப்பர் பரிசு, நீர்மப் படிகத் திரைக்காக ஹெயில்மெயர், ஹெல்ஃபிரிக், சாட், பிராடி ஆகிய நால்வருக்கு வழங்கப்பட்டது. பிராடி அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பரிலேயே காலமாகியிருந்தார். சீப்பு வரைந்தோரும் வேல்முனை மடித்தோரும் அப்பட்டியலில் இல்லை.